மலாக்கி டர்க்கன் அழுகிறார்

அழுகிறவர்களில் பல வகை உண்டு. வெங்காயம் நறுக்கும்போது அழுகிறவர்கள், கல்யாண வீட்டில் அழுகிறவர்கள், பணம் கட்டிய குதிரை கடைசியில் வந்தால் அழுகிறவர்கள் என்று நீங்களும் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பீர்கள். இவர்களால் யாருக்கும் தொல்லை இல்லை. நான் சொல்ல வந்தது வேறோர் இனம். தூரத்து அழுகைக்காரர். சோகம் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு கண்ணீர் வரும் இவருக்கு. நூறு வருஷத்துக்கு முந்திய சோகமென்றால் கைக்குட்டை நனையும். நூற்றைம்பது வருஷமென்றால் சட்டையே நனையும். நேற்று நடந்ததா? "அப்படியா, பாவம்" என்று சொல்லிவிட்டு, மழை வருமா என்று ஜன்னல் வழியே பார்ப்பார்.

எல்லா ஊரிலும் இந்த இனம் உண்டு என்றாலும், எங்கள் மேயோ மாவட்டத்தில் செழிப்பதுபோல் வேறெங்கும் செழிப்பதில்லை. மண்ணும் தோதானது, ஈரமும் தாராளம். அதிலும் எங்கள் கில்டர்மட் ஊரில் இந்த இனத்தின் தலைமகன் மலாக்கி டர்க்கன். சதுக்கத்தில் இரும்புக் கடை, மேட்டுத் தெருவில் ஆறு படுக்கையறை பங்களா, ஐம்பத்து நான்கு வயது, தாராளமான உடம்பு, அதைவிடத் தாராளமான கண்கள். நான் இந்த ஊர்த் தபால்காரன், பெயர் கோல்மன். இருபத்தெட்டு வருஷமாகப் பச்சை வண்டியில் சுற்றுகிறேன். பிறர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற பழக்கம் எனக்கில்லை. உறையைப் படிப்பேன். முக்கால் கதை உறையிலேயே இருக்கும்.

மலாக்கிக்கு இந்த வியாதி முன்பே லேசாக இருந்ததுதான். முற்றவைத்தது ஒரு பாட்டு. டப்ளினிலிருந்து கிளம்பி உலகமெல்லாம் மேடையேறுகிற ராக் குழு ஒன்று இருக்கிறது. பெயரைச் சொன்னால் நீங்கள் பாட ஆரம்பித்துவிடுவீர்கள், வேண்டாம். அந்தக் குழு ஓர் அமெரிக்கப் படத்துக்குப் பாட்டு ஒன்று போட்டுக் கொடுத்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கப்பலேறிப் போய், அமெரிக்காவில் கால்வாய் வெட்டிய எங்கள் ஜனங்களைப் பற்றிய படம். படம் எங்கள் பக்கத்துத் தியேட்டரில் ஐந்து நாள்கூட ஓடவில்லை. பாட்டுதான் ஓடியது. ஓடி வந்து மலாக்கியின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆறு நிமிஷப் பாட்டு. முதல் நிமிஷம் ஒற்றைக் கிடார், கூரையிலிருந்து சொட்டுவதுபோல. இரண்டாவது நிமிஷத்தில் துறைமுகத்தில் ஒரு தாய் வந்து நிற்பாள். மூன்றாவதில் டிரம்ஸ் இறங்கும், கப்பல் கிளம்பும். நான்காவதில் பாடகர் மாவட்டங்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். 'மேயோ' என்று வரும் இடத்தில் மலாக்கி மேசையை ஒரு குத்துக் குத்துவார். ஐந்தாவதில் மண்வெட்டிச் சத்தம். ஆறாவதில் வார்த்தையே கிடையாது, அழுகை மட்டும்தான். பாடகருடையது அல்ல, மலாக்கியுடையது.

இது வெள்ளிக்கிழமைதோறும் மாலை ஆறரை மணிக்கு ஹெனகன் மதுக்கடையில் நடக்கும். அந்த ஆறு நிமிஷம் யாரும் பியர் கேட்கக் கூடாது, சிப்ஸ் பாக்கெட் பிரிக்கக் கூடாது, கழிப்பறைக் கதவு கிரீச்சிடக் கூடாது. ஒருமுறை மீன்பிடிக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் மூன்றாவது நிமிஷத்தில் தும்மிவிட்டார். மலாக்கி அவரைப் பார்த்த பார்வையில், பாவம், பஞ்சத்துக்கே தான்தான் காரணம்போல அவர் தலைகுனிந்துவிட்டார்.

"நூலா, அதை இன்னொரு தடவை போடு."

"மலாக்கி அண்ணே, முதல் தடவை அழுததே இன்னும் காயல உங்களுக்கு" என்பாள் கடைக்காரி நூலா.

"எங்க தாத்தாவோட தாத்தா போன கப்பலைப் பத்தின பாட்டும்மா. அது எப்படிக் காயும்?"

ஒருநாள் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "மலாக்கி, உங்க தாத்தாவோட தாத்தா கப்பலேறிப் போயிட்டாருன்னா, நீ எப்படி இங்க கில்டர்மட்ல பொறந்தே?" என்று கேட்டேன்.

மலாக்கி சற்று யோசித்தார். "போனது அவரோட தம்பி" என்றார்.

"அப்போ உங்க தாத்தாவோட தாத்தா?"

"கரையில நின்னு கை அசைச்சார். கோல்மன், அந்த வலி உனக்கெங்கே புரியப்போவுது?"

யோசித்துப் பாருங்கள். போனவர்களின் பிள்ளை குட்டிகள் எல்லாம் அங்கே பாஸ்டனிலும் சிகாகோவிலும் பல் மருத்துவர்களாக இருக்கிறார்கள். இங்கே இருக்கிற நாங்கள் எல்லோரும் கை அசைத்தவர்களின் வாரிசுகள். கை அசைத்த வலியை மூலதனமாக வைத்துக்கொண்டு ஒரு மனிதர் இவ்வளவு அழ முடியுமென்றால், உண்மையிலேயே போயிருந்தால் கடலே உயர்ந்திருக்காதா?

வெறும் அழுகையோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மலாக்கிக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. ஊருக்கு வெளியே, சதுப்பு நிலத்தின் ஓரத்தில், அவருடைய பெற்றோர் வாழ்ந்த மூன்று அறை வீடு இருபது வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அதை 'புலம்பெயர்ந்தோர் நினைவில்லம்' ஆக்கிவிடுவது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். தன் கடைக் கயிற்றையே எடுத்து அறைக்குள் குறுக்கே கட்டினார். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு அட்டை எழுதி வைத்தார். சமையலறையில் இருந்த கெட்டிலுக்கு 'பஞ்ச காலக் கெட்டில்' என்று அட்டை. அது மின்சாரக் கெட்டில். வயரை மட்டும் வெட்டி எறிந்திருந்தார். ஜன்னலோர அறையில் இருந்த இரும்புக் கட்டிலுக்குத்தான் பெரிய அட்டை: 'வருஷம் 1847. ஊரைவிட்டுப் போன மகள் கடைசி இரவு படுத்த கட்டில். தொடாதீர்கள்.'

அவர் மனைவி டீலியா அட்டையைப் படித்துவிட்டு, "ஏங்க, இது உங்கப்பா ஐம்பத்தொண்ணுல ஏலத்துல எடுத்த கட்டிலு. உங்க அக்கா படுத்தது" என்றாள்.

"அக்காவும் ஊரைவிட்டுப் போனவதானே? பொருந்தும், விடு."

ஆம், மலாக்கிக்கு ஓர் அக்கா உண்டு. பெயர் வின்னி. ஊர் அவளை மறந்துவிட்டது. உறைகள்தான் என்னை மறக்கவிடவில்லை. ஐம்பத்தேழாம் வருஷம், பதினேழு வயதில், ஓர் அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கோவ் துறைமுகத்தில் கப்பலேறியவள். அப்போது மலாக்கிக்கு எட்டு வயது. அவர் நல்ல விடுதிப் பள்ளியில் படித்ததும், தோல் பூட்ஸ் போட்டு நடந்ததும், பிறகு கடை வைத்ததும், பாஸ்டனில் யார் யார் வீட்டுத் தரையையோ வின்னி துடைத்ததனால்தான். அங்கிருந்து கிறிஸ்துமஸுக்கு ஒன்று, ஈஸ்டருக்கு ஒன்று, தம்பியின் பிறந்தநாளுக்கு ஒன்று என்று நீல மையில் உறைகள் வந்துகொண்டே இருந்தன. இங்கிருந்து வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை போகும். கையெழுத்து டீலியாவுடையது.

திறப்பு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பாஸ்டனிலிருந்து பருமனான உறை ஒன்று வந்தது. பிறந்தநாளும் இல்லை, ஈஸ்டரும் முடிந்துவிட்டது. எனக்கே மனசு உறுத்தியதால் பெட்டியில் போடாமல் கடைக்குள் போய்க் கையில் கொடுத்தேன். மலாக்கி அப்போது ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"அக்காகிட்டேருந்து. கனமா இருக்கு" என்றேன்.

"அப்புறம் படிக்கறேன். நாலாவது நிமிஷத்துல 'மேயோ' சரியா கேக்குதா பாரு."

உறையை ஆணிப் பெட்டிக்கு அடியில் செருகினார். மூன்று வாரமும் அது அங்கேயே இருந்தது. கடைக்குப் போகும்போதெல்லாம் பார்த்தேன்.

சனிக்கிழமை விழா. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்மணி இரண்டு பெட்டிகளோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே மலாக்கி ஒட்டிய சுவரொட்டி: 'போனவர்களே, உங்களை மறவோம்!' வண்டியை நிறுத்தினேன்.

"நீ பழைய தபால்காரர் மகன்தானே? அப்பா காது அப்படியே இருக்கு" என்றாள்.

"ஆமாங்க. கோல்மன். நீங்க... வின்னி அக்காவா?"

"மலாக்கி வரலியாப்பா? நாக் ஏர்போர்ட்ல ரெண்டு மணி நேரம் நின்னேன். சரின்னு பஸ் ஏறிட்டேன். கடிதம் அவனுக்குக் கிடைச்சுதா?"

"கிடைச்சுது அக்கா. நானேதான் கையில கொடுத்தேன்."

பிரித்தாரா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருப்பேன். தபால் வண்டியில் ஆளை ஏற்றக் கூடாதென்பது சட்டம். ஏற்றினேன். பங்களாவுக்கா என்று கேட்டேன். "இல்ல, வீட்டுக்கு" என்றாள்.

வீட்டில் ஒவ்வொரு அட்டையாக நிதானமாகப் படித்தாள். கெட்டிலைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "இது நான் அறுபத்தெட்டுல அனுப்புனது! நம்ம ஊர்க் கரண்ட்டுக்கு ஒத்து வரலேன்னு அம்மா இதுல பூ வெச்சிருந்தா. வயரை எவன் வெட்டுனான்?"

ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. அட்டையை இரண்டு தடவை படித்தாள்.

"கோல்மன், எனக்கு எத்தனை வயசுப்பா ஆகுது?"

"அறுபத்து மூணு இருக்குமா அக்கா?"

"இதுல நூத்தம்பதுக்கு மேல போட்டிருக்கே." கட்டிலின் கம்பியைத் தடவினாள். "ஆஸ்பத்திரி சமையல்கட்டுல வேலை முடிஞ்சுபோச்சு. அங்க எனக்குன்னு யாரும் இல்ல. இந்த வீடு நிக்கிற வரைக்கும் ஜன்னலோரக் கட்டில் உனக்குத்தான்னு அம்மா எழுதியிருந்தா. அதை நம்பி வந்துட்டேன்."

பிறகு கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி ஓரமாக வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். கோட்டோடு அப்படியே படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மலாக்கிகிட்ட சொல்லிடு" என்றாள்.

நான் நேராக ஹெனகன் கடைக்குப் போனேன். மணி ஆறரை. என் நேரம், கிடார் ஆரம்பித்துவிட்டது. தாய் நின்றாள், கப்பல் கிளம்பியது, மேசை குத்துப்பட்டது, மண்வெட்டிகள் இறங்கின. ஆறு நிமிஷமும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மலாக்கி விசும்பி முடித்ததும் காதருகே குனிந்தேன்.

"மலாக்கி, உங்க அக்கா வந்திருக்காங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் தாரைதாரையாகக் கொட்டியது. "ஆமா கோல்மன். நல்லாச் சொன்னே. எல்லாரும்தான் வந்திருக்காங்க. அக்கா, தங்கச்சி, அண்ணன், தம்பி... இந்தப் பாட்டுல வராதவங்க யாரு?"

"இல்ல மலாக்கி, நெஜமாவே..."

"நெஜம்! அதான் வார்த்தை! நூலா, கோல்மனுக்கு ஒண்ணு ஊத்து!"

அந்த ஒன்றைக் குடித்துவிட்டு நானும் வீட்டுக்குப் போய்விட்டேன். டீலியாவிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளை தானாகத் தெரியட்டும் என்று நினைத்தேனா, வேடிக்கை பார்க்க நினைத்தேனா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு ஊரே சதுப்பு நிலத்தோரம் கூடியது. மாவட்டக் கவுன்சிலர் கழுத்தில் பதவிச் சங்கிலியோடு வந்தார். ஒஹாயோவிலிருந்து சுற்றுலா வந்த ஒரு தம்பதியும் காமிராவோடு நின்றார்கள். ஒலிபெருக்கியில் பாட்டு கிளம்பியது. கவுன்சிலர் ரிப்பனை வெட்டினார். கூட்டம் உள்ளே நகர்ந்து, ஜன்னலோர அறை வாசலில் அடைத்துக்கொண்டு நின்றது.

கட்டிலில் தலைமுடிக்கு வலை போட்ட ஒரு பெண்மணி கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, என்ன தத்ரூபம்! மூச்சுகூட விடுது பாருங்க!" என்றாள் ஒஹாயோ அம்மாள். கவுன்சிலர் தொப்பியைக் கழற்றினார். மலாக்கி கைக்குட்டையால் இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டே வந்ததால் கட்டிலை அவர் பார்க்கவில்லை. அப்படியே பேச்சைத் தொடங்கிவிட்டார்.

"பெரியோர்களே! இந்தக் கட்டிலிலிருந்துதான் ஒரு மகள் எழுந்து போனாள். அவள் திரும்பி வரவேயில்லை. அவள் மட்டும் இன்று வந்து நின்றால், இந்த மலாக்கி டர்க்கன் அவள் காலைக் கழுவி..."

"மலாக்கி, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைடா" என்றது கட்டில்.

கைக்குட்டை கீழே இறங்கியது. ஒலிபெருக்கியில் பாடகர் அந்த நேரம் பார்த்து 'மேயோ' என்று கூப்பிட்டார். யாரும் எதையும் குத்தவில்லை. நான் மலாக்கியின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். துடைத்து வைத்த தட்டுபோல் காய்ந்திருந்தது.

"வின்னி... அக்கா... நீ இன்னிக்கா வர்றே?"

"நேத்தே வந்துட்டேன்."

"அக்கா, கொஞ்சம் எழுந்திரிச்சு அந்த ரூமுக்குப் போறியா? இவங்கல்லாம் பாக்க வந்திருக்காங்க. ரெண்டு மணிக்கு ஒரு பஸ் ஆளுங்க வேற வர்றாங்க."

"பாக்கட்டுமே. ஊரைவிட்டுப் போனவளைப் பாக்கத்தானே வந்திருக்காங்க? நான்தான் அது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மலாக்கி உதட்டை நனைத்துக்கொண்டார். நாற்பத்தாறு வருஷம் கழித்து வந்த அக்காவிடம் அடுத்து அவர் கேட்ட கேள்வி இதுதான்: "எத்தனை நாள் இருப்பே?"

சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

"சாகற வரைக்கும்" என்றாள் வின்னி. "கடிதத்துல எழுதியிருந்தேனே."

அப்போதுதான் சான்ட்விச் தட்டோடு டீலியா உள்ளே நுழைந்தாள். தட்டை அப்படியே 1847 அட்டையின் மேல் வைத்தாள். கணவரைப் பார்க்கவே இல்லை. "அக்கா, எங்க வீட்ல ஆறு ரூம் இருக்கு. இப்பவே வாங்க" என்றாள்.

"ஆறு ரூம் எனக்கெதுக்கும்மா? ஒரு கட்டில் போதும். அதுலதான் படுத்துட்டேனே."

ஒஹாயோ அம்மாளுக்கு மட்டும் இன்னும் விஷயம் முழுதாகப் பிடிபடவில்லை. முன்னால் வந்து, "கப்பல்ல போறப்ப ரொம்ப அழுதீங்களா?" என்று உருக்கமாகக் கேட்டாள்.

"அழறதுக்கு நேரம் ஏது? ஆறு நாளும் வாந்தி" என்றாள் வின்னி. ஒலிபெருக்கிப் பக்கம் காதைத் திருப்பிக் கொஞ்சம் கேட்டாள். "பாட்டு நல்லாத்தான் இருக்கு. வாந்தியை மட்டும் விட்டுட்டாங்க."

இரண்டு மணிப் பேருந்தும் வந்தது. நினைவில்லம் பார்க்க வந்த நாற்பது பேருக்கு வின்னி தேநீர் போட்டுக் கொடுத்தாள். டீலியா கோப்பை கழுவினாள். மலாக்கி வெளியே கல்சுவரில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நேத்து நீ வந்து சொன்னியே கோல்மன்..."

"சொன்னேன்."

"நான் பாட்டைச் சொல்றேன்னு நினைச்சுட்டேன்." பிறகு சொன்னார்: "அவ போன அன்னிக்கு வண்டிக்குப் பின்னாலயே ஓடினேன். ஒரு மாசம் அழுதேன். அப்புறம் அவகிட்டேருந்து பூட்ஸ் வந்துச்சு. புதுசு, தோலு. அதைக் கால்ல போட்டதும் அழுகை நின்னுபோச்சு. அதுக்கப்புறம் நான் அவளை எதிர்பாக்கல. அடுத்த பூட்ஸைத்தான் எதிர்பாத்தேன்."

இதைச் சொல்லும்போதும் அவர் அழவில்லை. ஆறு நிமிஷப் பாட்டுக்கு அவர் அழுத அத்தனை வெள்ளிக்கிழமைகளையும்விட, அந்தக் காய்ந்த முகத்தைப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மூன்று வாரம் அவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பெரிய மழை ஒன்றில் கூரை ஒழுகுகிறதென்று டீலியா சொல்ல, ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். வின்னி கீழே நின்று அவர் அடித்த ஆணி ஒவ்வொன்றையும் கோணல் என்றாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியச் சாப்பாடு அங்கேதான்; பன்றிக்கறியும் முட்டைக்கோஸும், கூடவே திட்டும். வாசலில் மாட்டியிருந்த நினைவில்லப் பலகையைக் கழற்றியாகிவிட்டது. கெட்டிலில் மறுபடி பூ இருக்கிறது.

ஆள் குணமாகிவிட்டாரா என்று கேட்கிறீர்களா? எங்கே! வெள்ளிக்கிழமை ஆறரைக்கு இன்னும் அழத்தான் செய்கிறார். போன வாரம் வின்னிக்கு முழங்கால் வீங்கிவிட்டதென்று நான் சொன்னபோது, "மாத்திரை போடச் சொல்லு" என்றார். ஆனால் அன்று மாலை அவரே மாத்திரையை வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்வி. இந்த இனத்தில் இது பெரிய முன்னேற்றம்.

நான் மட்டும் யோக்கியமா? போன மாதம் வின்னிக்குப் பாஸ்டன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தைக் கொடுக்கப் போனேன். தேநீரை நீட்டிக்கொண்டே, "உனக்கு வெளியூர்ல யாராவது இருக்காங்களா கோல்மன்?" என்று கேட்டாள்.

"தம்பி ஒருத்தன் அக்கா. லீட்ஸ்ல. கட்டட வேலை."

"எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்."

"எப்போ சொன்னான்?"

இன்னும் பல வீடு போக வேண்டியிருக்கிறதென்று சொல்லி, பாதித் தேநீரோடு கிளம்பி வந்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷமாக ஊருக்கெல்லாம் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் ஒன்றுகூட எழுதியதில்லை என்பது வண்டியில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

அது போகட்டும், உங்கள் முகம் ஏன் இப்படி ஆகிவிட்டது? கண் கொஞ்சம் கலங்கினாற்போல் இருக்கிறதே! வின்னியை நினைத்தா? அவள் உங்களிடமிருந்து எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஜன்னலோரக் கட்டிலில் சுகமாகப் படுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்காகக் கலங்குவது சுலபம். ஆனால் பக்கத்து அறையிலிருந்து உங்களை யாரோ ரொம்ப நேரமாகக் கூப்பிடுகிறார்களே, காதில் விழவில்லையா? "இரு, இந்தக் கதையை முடிச்சுட்டு வர்றேன்" என்று சற்று முன்பு குரல் கொடுத்தது நீங்கள்தானே?